வெள்ளைத் துணியும் பெங்களூர் ரயிலும்

போன சித்திரையில் என் அக்கா மகன் ஒரு சினிமா எடுத்தான். பெரிய கம்பெனி கிடையாது, ஸ்டார் கிடையாது. நண்பர்கள் ஏழெட்டு பேர் சேர்ந்து போட்ட பணம். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் ஒரு தெருவில் ஷூட்டிங். லீவு போட்டுவிட்டு நானும் போயிருந்தேன். காலை பதினோரு மணி, எங்க ஊர் வெயில். நடிக்கிற அம்மாவின் முகத்தில் மூக்கு நிழல் கரிக்கோடு மாதிரி விழுகிறது. டிஃப்யூசர் வாடகைக்கு எடுக்கக் காசில்லை. பையன் முன்கூட்டியே நாலு வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தான். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு, தெருவுக்கு மேலே பந்தல் மாதிரி கட்டினார்கள். ஒரு மூலைக் கயிறு என் கையில்.

"மாமா, இறுக்கிப் பிடிங்க, தொய்யுது பாருங்க!"

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் வேலூர் நடராஜ முதலியார் ஞாபகம் வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் அவரும் இதையேதான் செய்தார்.

ஆர். நடராஜ முதலியார் 1885-ல் வேலூரில் பிறந்தவர். 1989 வரை வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அந்த வகையில் எங்க மாவட்டத்துக்காரர் என்று உரிமை கொண்டாடுவேன். சென்னையில் மோட்டார் கார், உதிரிபாகம் விற்ற வியாபாரி. பால்கேயின் படங்களைப் பார்த்து, நாமும் எடுத்தால் என்ன என்று கிளம்பினார். பிலிம் ஸ்கூல் என்ற ஒன்றே இல்லாத காலம். பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் காமிராமேனிடம் காமிரா சுற்றக் கற்றுக்கொண்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் மூப்பனாரிடமிருந்து ஒரு காமிராவும் பிரிண்டரும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். கூட்டாளிகளைச் சேர்த்து 'இந்தியா ஃபிலிம் கம்பெனி' தொடங்கி, புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ போட்டார். அங்கே எடுத்ததுதான் 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் கதைப்படம்.

செலவு 35,000 ரூபாய். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லைதான். ஆனால் செலவழித்தவருக்குப் பின்னால் ஸ்டூடியோ முதலாளியோ, பழகிய டெக்னீஷியன்களோ, விநியோகஸ்தர் வரிசையோ கிடையாது. எல்லாவற்றையும் முதல் தடவையாக அவரே செய்ய வேண்டியிருந்தது.

கதைக்கு பம்மல் சம்பந்த முதலியாரிடம் யோசனை கேட்டார். திரௌபதியைத் தொந்தரவு செய்யும் கீசகனை பீமன் கொல்லும் கதை. முதல் படத்துக்கே இந்தக் கதையா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர் மசியவில்லை. வக்கீல் ரங்கவடிவேலு எழுத்தில் உதவினார். ராஜு முதலியார், ஜீவரத்தினம் என்ற நாடக நடிகர்கள் நடித்தார்கள். இந்தி டைட்டில் கார்டுகளை எழுதியவர் யார் தெரியுமா? காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி!

இனி என் தொழில் புத்தி கொஞ்சம். படத்தின் நீளம் 6,000 அடி. 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். இந்தப் படம் ஓடியதும் வினாடிக்கு 16 ஃப்ரேம். ஆக ஒரு அடி ஒரு வினாடி, மொத்தம் 100 நிமிஷம். அந்தக் காலத்து கைக் காமிராவில் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் பொதுவாக 8 ஃப்ரேம் நகரும். வினாடிக்கு இரண்டு சுற்று, 100 நிமிஷத்துக்கு 12,000 சுற்று. ஒரு டேக் கூட வீணாகவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு. கை கொஞ்சம் வேகம் குறைந்தால் திரையில் பீமன் ஓடுவான். வேகம் கூடினால் ஊர்ந்து போவான்.

வெளிச்சம் அடுத்த தலைவலி. அன்றைய ஃபிலிம் மந்தமானது, அதற்கு வெயில் வேண்டும். நேர் வெயிலோ முகத்தைக் கெடுக்கும். அதனால் செட்டுக்கு மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டினார். அந்த ஃபிலிமுக்கு சிவப்பு நிறமும் தெரியாது. நெற்றிக் குங்குமம் கறுப்பாகத்தான் விழும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், எடுத்ததைக் கழுவிப் பார்ப்பது. ஃபிலிமின் மேல் பூச்சு ஜெலட்டின். டெவலப்பர் சுமார் 20 டிகிரியில் இருந்தால் நல்லது. சென்னைத் தண்ணீரின் சூட்டில் ஜெலட்டின் இளகும், சமயத்தில் உரிந்தே வரும். அதனால் லேபை பெங்களூரில் வைத்தார். 3,000 அடி உயரத்து ஊர், குளிர்ச்சி. வாரக் கடைசியில் எடுத்த ஃபிலிமோடு அங்கே போய், உதவியாளர் நாராயணசாமி ஆச்சாரியோடு சேர்ந்து கழுவுவார். பெங்களூர் ரயில் காட்பாடி வழியாகத்தான் போகும். சொந்த ஊர் வாசலைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் போய் வந்திருப்பார்.

ஷூட்டிங் சுமார் 35 நாள், அதாவது ஐந்து வாரம். நான் ஒரு வரி கோட் எழுதினால் அடுத்த நிமிஷமே ஓட்டிப் பார்த்துவிடுவேன். அக்கா மகன் மானிட்டரில் பார்த்துவிட்டு "ஒன் மோர்" என்கிறான். முதலியார் திங்கட்கிழமை செய்த தப்பு வாரக் கடைசியில், பெங்களூர் இருட்டறையில்தான் தெரியும். அதற்குள் அதே தப்போடு இன்னும் நாலைந்து நாள் எடுத்திருப்பார். பணக் கஷ்டத்தை விட, இப்படி வாரக்கணக்கில் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்யும் தைரியம்தான் எனக்கு பிரமிப்பு.

படம் ஓடியது. பர்மா, இலங்கை, சிங்கப்பூர் வரைக்கும் போய் 50,000 ரூபாய் வசூல், 15,000 லாபம். அந்தத் தெம்பில் மேலும் சில புராணப் படங்கள் எடுத்தார். 1923-ல் ஸ்டூடியோவில் தீ விபத்து. மகனையும் இழந்தார். அத்தோடு சினிமாவை விட்டுவிட்டார்.

'கீசக வதம்' இன்று ஒரு பிரிண்ட் கூட இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், தப்பினாலும் தானே மக்கிப் போகும். காமிரா என்ன விலை என்று தெரிகிறது, எத்தனை அடி என்று தெரிகிறது. ஜீவரத்தினத்தின் முகத்தில் அந்த வெள்ளைத் துணி வெளிச்சம் எப்படி விழுந்தது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. படம் வந்த வருஷத்தைக் கூட 1916, 1917, 1918 என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். அத்தனை தடையையும் தாண்டி எடுத்து முடித்தார். எடுத்ததை வைத்துக் காப்பாற்ற அன்றைக்கு நாதி இல்லை.

அன்று சாயங்காலம் வேட்டியை மடித்து வைத்தபிறகு அக்கா மகனிடம் கேட்டேன்.

"எடுத்ததை எத்தனை காப்பி வைக்கிறே?"

"ரெண்டு ஹார்ட் டிஸ்க் மாமா. ரெண்டும் நம்ம ரூம்லயே இருக்கு."

முதலியார் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டான். மறுநாள் நானே போய் மூன்றாவது டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். ஷூட்டிங் முடிகிற வரை தினமும் ராத்திரி அதில் காப்பி எடுத்து, என் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

படம் இன்னும் எங்கேயும் ரிலீஸ் ஆகவில்லை. டிஸ்க் அங்கேயேதான் இருக்கிறது.