மூடிய சில்லும் அச்சிட்ட மூலநிரலும்

மறையாக்கக் கருவியொன்றின் அமைப்பு முழுவதும் எதிரியின் கைக்குப் போய்விட்டாலும், அதில் பயன்படும் சாவி மட்டும் வெளியே தெரியாதிருந்தால் செய்தி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்னும் நெறியை, பாரிஸில் ஜெர்மன் மொழி கற்பித்துவந்த ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883இல் ஒரு பிரெஞ்சு இராணுவ இதழில் வகுத்துரைத்தார். சாவி என்பது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி உருமாற்றவும், உரியவர் அதை மீட்டெடுக்கவும் பயன்படும் எண். அமைப்பை மறைத்துவைப்பதால் பாதுகாப்பு கிட்டாது, பலரும் அதைச் சோதித்துப் பார்ப்பதாலேயே கிட்டும் என்பது இந்நெறியிலிருந்து பிற்காலத்தவர் பெற்ற முடிவு. தனிமனிதரின் அந்தரங்கத்தைக் கணினி வழியே காக்க முயன்றவர்களின் வரலாறு, இம்முடிவை மென்பொருளில் நிலைநாட்டிய வரலாறாகவும், வன்பொருளில் இன்னும் நிலைநாட்ட இயலாத வரலாறாகவும் இருக்கிறது.

கருவியின் உள்ளமைப்பை வாங்குவோர் பார்க்க முடியாதபோது என்ன நேரும் என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி நிறுவனத்தைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மறையாக்க இயந்திரங்களை விற்ற இந்நிறுவனத்தை 1970இல் அமெரிக்காவின் சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் கூட்டாக, யாரும் அறியாமல் விலைக்கு வாங்கி, தாம் உடைப்பதற்கு வாகாக அவ்வியந்திரங்களைப் பலவீனப்படுத்தின. இந்தியாவும் பாகிஸ்தானும் அவற்றை வாங்கிய நாடுகளுள் அடங்கும் என்னும் செய்தி 2020 பிப்ரவரியில்தான் ஊடகங்கள் வழியே வெளிவந்தது.

அரசுகளின் நிலை இதுவாக இருக்க, சாதாரண மக்களுக்கு மறையாக்கம் எட்டாப்பொருளாகவே இருந்தது. ஏனெனில் செய்தி அனுப்புவோரும் பெறுவோரும் முன்கூட்டியே ஒரே சாவியை இரகசியமாகப் பகிர்ந்துகொண்டாக வேண்டியிருந்தது. 1976இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்தடையை நீக்கியது. ஒன்றோடொன்று பிணைந்த இரு சாவிகளில், ஊரறியக் கொடுக்கும் பொதுச் சாவியால் மறைத்ததை, உரியவர் தம்மிடம் மட்டும் வைத்திருக்கும் தனிச் சாவியாலேயே மீட்க முடியும் என்ற அவர்களது கருத்துக்கு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் 1977இல் ஆர்எஸ்ஏ என்னும் செயல்வடிவம் தந்தனர்.

1991இல் அமெரிக்க செனட்டில் முன்வைக்கப்பட்ட ஒரு மசோதா, தகவல்தொடர்புக் கருவிகளைச் செய்வோர், சட்டத்தின் அனுமதி பெற்ற அரசுக்குச் செய்தியின் மறைநீக்கிய வடிவம் கிடைக்க வகைசெய்ய வேண்டும் என வலியுறுத்தியது. அத்தகைய சட்டம் வந்துவிடும் முன்பே மறையாக்கம் மக்கள் கையில் சேர வேண்டும் எனக் கருதிய ஃபில் ஸிம்மர்மன் என்னும் கொலராடோ நிரலாளர், பிஜிபி என்ற மின்னஞ்சல் மறையாக்க மென்பொருளை அவ்வாண்டு ஜூனில், அதன் மூலநிரலோடு சேர்த்து, விலையின்றி வெளியிட்டார். மூலநிரல் என்பது மனிதர் எழுதிப் படிக்கும் வடிவிலுள்ள நிரல். அது கையில் இருந்தால்தான் மென்பொருள் சொன்னதைச் செய்கிறதா என்று பிறர் ஆராய முடியும். முதற்பதிப்பில் ஸிம்மர்மன் தாமே வகுத்த மறையாக்க முறையின் குறைகளை எலி பிஹாம் என்னும் இஸ்ரேலிய வல்லுநர் எடுத்துக்காட்டவே, அடுத்த ஆண்டின் பதிப்பில் அது கைவிடப்பட்டு, சுவிட்சர்லாந்தில் உருவாகி வெளிப்படையாக ஆராயப்பட்ட ஐடியா என்ற முறை இடம்பெற்றது. ஆக்கியோன் தன் படைப்பின் குறையை ஒப்புக்கொண்டு திருத்திய இந்நிகழ்வு பிஜிபி வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை.

இதற்கு நேர்மாறான வழியை அமெரிக்க அரசு 1993 ஏப்ரல் 16 அன்று அறிவித்தது. தொலைபேசிகளில் பொருத்துவதற்கான கிளிப்பர் என்னும் மின்னணுச் சில்லின் உள்ளே ஸ்கிப்ஜாக் என்ற மறையாக்க முறை இருந்தது. அம்முறை அரசு இரகசியம். சில்லைப் பிளந்து பார்க்க இயலாதபடி அது வார்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு சில்லுக்கும் உரிய சாவி இரு கூறாக்கப்பட்டு இரண்டு அரசு அமைப்புகளிடம் ஒப்படைக்கப்படும். நீதிமன்ற ஆணை போன்ற அனுமதியோடு காவல்துறை கேட்டால் இரு கூறுகளும் ஒன்றுசேர்க்கப்படும். எந்தச் சில்லிலிருந்து அழைப்பு வருகிறது என்பதைக் காட்டவும், அவ்வழைப்புக்குரிய சாவியை மறைத்து வைத்திருக்கவும் 128 பிட் நீளமுள்ள ஒரு தரவுப்புலம் ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும் அனுப்பப்பட்டது. பிட் என்பது சுழியம் அல்லது ஒன்று என்னும் ஒற்றை இலக்கம். அப்புலம் மாற்றப்படவில்லை என உறுதிசெய்ய அதில் ஒரு சரிபார்ப்பு எண் இருந்தது. அந்த எண்ணுக்கு 16 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்ததால், சராசரியாக 65,536 போலிப் புலங்களில் ஒன்று சரியானதாக ஏற்கப்பட்டுவிடும் என்பதை பெல் ஆய்வகத்தின் மேட் பிளேஸ் 1994இல் வெளிப்படுத்தினார். அதே முறையில் இயங்கிய முன்மாதிரி அட்டையில் போலிப் புலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்ப்பது கணினிக்கு எளிய வேலை. ஏற்கப்பட்ட போலியை வைத்துக்கொண்டு, அரசின் ஒட்டுக்கேட்பு வழியை அடைத்துவிட்டு, ஸ்கிப்ஜாக்கின் மறையாக்கத்தை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். அரசின் வல்லுநர்கள் மூடிய அறையில் செய்த வடிவமைப்பில் இத்தகைய அடிப்படைப் பிழை தங்கிவிட்டதற்கு, வெளியார் பலரும் அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு தரப்படாதது ஒரு காரணம் எனலாம். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. ஸ்கிப்ஜாக் 1998 ஜூனில் வெளியிடப்பட்டது.

இதற்கிடையில், வலுவான மறையாக்கம் அமெரிக்கச் சட்டப்படி போர்த்தளவாடங்களின் பட்டியலில் இருந்ததால், பிஜிபி வெளிநாடுகளுக்குப் பரவியதைக் காரணம் காட்டி 1993இல் ஸிம்மர்மன் மீது தொடங்கிய குற்றவிசாரணை, 1996 ஜனவரியில்தான் வழக்குத் தொடரப்படாமல் முடிந்தது. கோப்பாக அனுப்பினால் குற்றம், புத்தகமாக அனுப்பினால் பேச்சுரிமையின் பாதுகாப்பு என்ற நிலையைப் பயன்படுத்தி, எம்ஐடி பதிப்பகம் 1995இல் பிஜிபியின் மூலநிரலை முழுவதுமாக நூலாக அச்சிட்டது. 1997இல் ஐந்தாம் பதிப்பின் மூலநிரல் பல தொகுதிகளாக அச்சேறியபோது, ஐரோப்பாவில் அதை மீண்டும் கணினியில் ஏற்றுவதை எண்ணியே ஒவ்வொரு பக்கமும் அமைக்கப்பட்டது. வரிதோறும் தொடக்கத்தில் ஒரு சரிபார்ப்பு எண் இருந்ததால், வருடி எடுத்த எழுத்துகளில் ஒன்று பிறழ்ந்தாலும் எந்த வரியில் என்று உடனே தெரிந்துவிடும். வெற்றிடங்கள் எண்ணிக்கை தவறாமலிருக்கக் கண்ணுக்குத் தெரியும் குறிகள் அச்சிடப்பட்டன. நார்வேயைச் சேர்ந்த ஒருவரின் ஒருங்கிணைப்பில் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களை வருடித் திருத்தி, சட்டத்துக்கு உட்பட்ட பன்னாட்டுப் பதிப்பை உருவாக்கினர்.

அதன் பின்னர் தடைகள் விரைவாகத் தளர்ந்தன. பிஜிபியின் தரவு வடிவம் 1998இல் ஓப்பன்பிஜிபி என்ற பொதுத்தரமாயிற்று. அத்தரத்தின்படி ஜெர்மனியின் வெர்னர் கோஹ் எழுதிய குனூபிஜி என்னும் கட்டற்ற மென்பொருளின் முதல் முழுப்பதிப்பு 1999 செப்டம்பரில் வந்தது. அமெரிக்காவின் ஏற்றுமதி விதிகள் 2000 ஜனவரியில் பெரிதும் தளர்த்தப்பட்டன.

மென்பொருள் திறந்துகிடந்தாலும், தனிச் சாவியைக் கணினியின் வட்டில் வைத்தால் அக்கணினிக்குள் ஊடுருவுவோர் அதைத் திருடலாம். எனவே சாவியைத் தன்னுள்ளேயே உருவாக்கி, வெளியே எடுக்க முடியாதபடி வைத்திருக்கும் சில்லட்டைகள் பழக்கத்துக்கு வந்தன. இங்கேதான் கிளிப்பரின் பழைய சிக்கல் வேறுருவில் திரும்பியது. இன்ஃபினியன் நிறுவனச் சில்லுகளில் இருந்த மூடிய நிரலொன்று, ஆர்எஸ்ஏ சாவிக்கான பகா எண்களை விரைந்து கண்டெடுப்பதற்காக ஒரு குறுகிய வகையைச் சேர்ந்த எண்களையே தேர்ந்துவந்ததால், பொதுச் சாவியைக் கொண்டே தனிச் சாவியைக் கணித்துவிடலாம் என்பதைச் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 அக்டோபரில் அறிவித்தனர். எஸ்தோனியாவில் சுமார் 7.5 லட்சம் தேசிய அடையாள அட்டைகள் பாதிக்கப்பட்டு, அவற்றின் சான்றிதழ்கள் நவம்பரில் முடக்கப்பட்டன. அச்சில்லுகள் முறையான பாதுகாப்புச் சான்று பெற்றவை என்பது நினைவில் கொள்ளத்தக்கது: சிலர் மட்டும் பார்த்துத் தரும் சான்று பலர் பார்ப்பதற்கு ஈடாகாது. அதே நிறுவனத்தின் சில்லுகளில், வேறொரு மறையாக்க முறையின் சாவி மின்காந்தக் கசிவின் வழியே வெளிப்படும் என்பதையும், 14 ஆண்டுகளாக அது எவர் கண்ணிலும் படவில்லை என்பதையும் ஒரு பிரெஞ்சு ஆய்வகம் 2024இல் காட்டியது.

வன்பொருளையும் திறந்து காட்ட முனைந்தவர்களுள் சிங்கப்பூரில் வாழும் ஆண்ட்ரூ ஹுவாங் குறிப்பிடத்தக்கவர். 2020இல் அறிவிக்கப்பட்ட அவரது பிரிகர்ஸர் என்னும் கையடக்கக் கருவியில், உள்ளிணைப்புகளை விரும்பியபடி மாற்றியமைக்கவல்ல ஒரு சில்லு மையச் செயலியாக இயங்குகிறது. அச்செயலியின் வடிவமைப்பைப் பயனரே மூலநிரலிலிருந்து தொகுத்து ஏற்றிக்கொள்ளலாம். அதன் கறுப்பு வெள்ளைத் திரை, கண்ணாடிமேல் படிந்த மின்சுற்றை நுண்ணோக்கியில் பார்க்க முடியும் என்ற காரணத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் அந்த மாற்றியமைக்கும் சில்லு ஒரு பெருநிறுவனத்தின் மூடிய தயாரிப்பே. மூடிய சில்லுகளையும் ஓரளவு சோதிக்கும் வழியாக, சிலிக்கானை அகச்சிவப்பு ஒளி ஊடுருவும் என்பதைக் கொண்டு, பலகையில் பொருத்திய சில்லைக் கழற்றாமலே அதன் பின்புறத்தின் வழியாகப் படமெடுக்கும் முறையை ஹுவாங் 2023இல் வெளியிட்டார்; இம்முறையில் சில்லின் பெரும்பகுதிகளின் அமைவு தெரிகிறது, தனித்தனி டிரான்சிஸ்டர்கள் தெரிவதில்லை.