பல்லாவரத்து அடிகளும் சைவச் சொற்பொழிவும்

திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூருக்கும், மறைமலையடிகள் தம் பின்னாளெல்லாம் உறைந்த பல்லாவரத்துக்கும் இடைப்பட்ட வழி சில நாழிகையில் நடந்து கடக்கற்பாலது. ஆயினும், அப்பெருமான் நூல் தில்லையில் ஓராண்டு விரித்துரைக்கப்பட்டதாக மரபு கூறும் அக்காலத்துக்கும், அடிகள் மேடையேறிப் பேசிய காலத்துக்கும் இடையே சமயம் உரைக்கும் முறை பெரிதும் வேறுபட்டது. அவ்வேறுபாட்டின் வரலாறு இன்று சைவ மேடையிற் பேசப் புகுவார்க்கு மிகவும் வேண்டப்படுவதாகும்.

பண்டை வழக்கு, ஒருவர் பாட்டைப் படிக்க மற்றொருவர் அதன் பயன் சொல்லுதல். ஈழநாட்டார் இதனைப் புராணபடனம் என்பர். அடியார் வரலாறுகளை எழுத்தறியா மக்கள் நெஞ்சிலும் பதித்த பெருமை இதற்கு உண்டு. ஆனால் பாட்டுச் செல்லும் வழியே உரையும் செல்லுமாகலின், கேட்போர் தம் வாழ்க்கையின் குறைகளை நேரே எடுத்தியம்புதற்கு அதில் இடம் சிறிதே.

இம்முறையை மாற்றியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் ஆவர். அவர் வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த பேர்சிவல் பாதிரியாரிடத்துப் பணிபுரிந்து, விவிலிய மொழிபெயர்ப்பில் உடனுழைத்தவர். பாதிரிமார் பிரசங்கம் செய்யும் திறத்தை அணுகியிருந்து கண்டவர். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் அது நடைபெற்று வந்தது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கு வேண்டும் நூன்மேற்கோள்களைத் தொகுத்து, எளிய உரைநடையில் முறைப்படச் சொல்லும் வழக்கம் இங்ஙனம் சைவர்க்கு வாய்த்தது. படையைப் பிறரிடத்துப் பெற்றார், போரைத் தமதாக்கினார் என்னலாம்.

அப்போர் புறத்தாரோடு மட்டும் நிகழ்ந்ததன்று என்பதே ஈண்டுக் கருதற்பாலது. கள்ளுண்டல், கொலை முதலாய தீயொழுக்கங்களை அவர் சைவர் முன்னிலையிலேயே இடித்துரைத்தார். கோயில் நடத்துவார் பிழைகளையும் விடாது கண்டித்தார். 1872 இல் வெளிவந்த ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ இதற்குச் சான்றாம். ஆயின் வருணாசிரம வரம்பினை அவர் தாண்டினாரல்லர். இதனை மறைத்துப் புகழ்தல் வரலாறாகாது.

சென்னை சூளையில் வாழ்ந்த சோமசுந்தர நாயகர் (1846–1901) பிறிதொரு நெறியினர். வைணவ மரபிற் பிறந்து சைவம் புகுந்தவர். திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு ‘வைதிக சைவ சித்தாந்த சண்டமாருதம்’ என்னும் பட்டம் அளித்தது. பெயருக்கேற்ப மாற்றார் கொள்கைகளைச் சூறைக்காற்றென மோதினார். அக்காலத்து அது வேண்டப்பட்டதே. எனினும், மறுப்புரை கேட்டு ஆர்ப்பரித்த அவையோர் சித்தாந்தத்தின் முப்பொருள் உண்மையை எவ்வளவிற்கு உட்கொண்டு மீண்டனர் என்பது வினாவுக்குரியதே.

நாகப்பட்டினத்தில் நாயகர் ஆற்றிய சொற்பொழிவைப் பிறர் மறுத்தெழுதியபோது, ‘முருகவேள்’ என்னும் புனைபெயரில் ‘நாகை நீலலோசனி’ இதழில் அதற்கு விடை எழுதிய இளைஞர் வேதாசலம் என்பார். இவரே பின்னாளில் மறைமலையடிகள் (1876–1950) ஆயினார். நாயகரை ஆசிரியராகக் கொண்ட இவர், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தார். அந்நாளில் அக்கல்லூரி நகரினுள் இருந்தது. 1937 இல்தான் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. அடிகள் விட்டு நீங்கிய கல்லூரி பல ஆண்டு கழித்து அவர் வாழ்ந்த ஊர்ப்பக்கமே வந்து சேர்ந்தது வியப்பே.

1905 இல் சைவ சித்தாந்த மகாசமாசம் நிறுவுவதில் முன்னின்ற அடிகள், 1911 இல் கல்லூரிப் பணி துறந்து பல்லாவரம் புகுந்து, அவ்வாண்டே துறவும் மேற்கொண்டார். தமிழ் விருப்பப் பாடமாக்கப்பட்டமை பணி துறந்ததற்கு ஒரு காரணம் என்ப. திங்கள்தோறும் வரும் ஊதியம் நின்றது. நூல் விற்பனையும் சொற்பொழிவுகளுமே வாழ்க்கைக்குத் துணையாயின. கேட்போர் உவந்தளிக்கும் பொருளால் வாழ்வான் ஒருவனுக்கு அவர் உவக்கும் சொல்லையே சொல்லிச் செல்லும் ஆசை எழுதல் இயல்பு. அடிகளோ அதற்கு மாறாகச் ‘சாதி வேற்றுமையும் போலிச் சைவரும்’ எழுதினார். திருநீறும் கண்டிகையும் பூண்டு, பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் சைவரை நோக்கியே அந்நூல் பேசிற்று. பழைய நண்பர் சிலர் முகஞ்சுளித்திருப்பர்; ஆயினும் அவர் சொல்லை மாற்றினாரல்லர். நாவலர் நின்றுவிட்ட எல்லையினின்றும் சைவச் சொற்பொழிவு முன்னே சென்ற இடம் இதுவே என்பது எம் கருத்து. புறச்சமயத்தாரை மறுத்தற்குக் குரலும் வாதத்திறனும் போதும். தன் அவையோரையே திருத்தற்கு அவை போதா, பிறரால் அசைக்கவொண்ணாத கல்வி வேண்டும்.

அக்கல்வியை அவர் ஈட்டியது பல்லாவரத்து இல்லத்தில் தாம் அமைத்த மணிமொழி நூல்நிலையத்தில். தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலுமாக ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள் அங்கிருந்தன. கேட்போர் உள்ளத்தைப் பிணிக்கும் ஆற்றல் எத்தன்மைத்து என ஆராய்ந்து ‘மனிதவசியம் அல்லது மனக்கவர்ச்சி’ என ஒரு நூலே இயற்றியவர் அவர். சொற்பொழிவோடு நில்லாது, தாம் 1902 இல் தொடங்கிய ‘ஞானசாகரம்’ இதழிலும் நூல்களிலும் தம் கருத்துக்களை நிலைபெறச் செய்தார். 1914, 1917, 1921 ஆம் ஆண்டுகளில் ஈழத்துக்கும் சென்று பேசினார். நாவலர் நாட்டிற்குப் பல்லாவரத்தினின்று சென்ற கைம்மாறு போலும் அது.

1916 இல் தொடங்கிய தனித்தமிழ்க் கொள்கையால் அவர் உரை பொதுமக்கட்குச் சிறிது தொலைவாயிற்று என்பாரும் உளர். அக்குறை ஓரளவு மெய்யே. ஆகம நூற்சொற்களோடு பழகிய சைவர்க்குப் புதிய தமிழாக்கங்கள் முதலில் தடையாயிருந்திருக்கும். ஆனால், வடசொல் மிகுந்த பழைய பிரசங்க நடையும் உழவர்க்கும் வணிகர்க்கும் எளிதாயிருந்ததில்லை.

1950 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் அடிகள் மறைந்தார். அவர் தொகுத்த நூல்கள் திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைச் சேர, 1958 இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பெற்றது.