8 வெற்றி, 16 தோல்வி

புனேக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வடாபாவ் முதல் வருஷமே பழகிவிட்டது. மராத்தி பழக மூணு வருஷம் ஆச்சு. பேஸ்பால் பழகியது போன வருஷம்தான். அமெரிக்க கிளையண்ட் ஆட்கள் நடத்தும் ஃபேண்டஸி லீகில் ஒரு டீம் குறைகிறது என்று என்னையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

நிஜ வீரர்களை ட்ராஃப்டில் எடுத்து நாம் ஒரு கற்பனை டீம் கட்ட வேண்டும். அவர்கள் நிஜ மேட்ச்சில் எடுப்பதெல்லாம் நம் கணக்கில் ஏறும். அதிகாலை ஆறு மணிக்கு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "ஐபிஎல் ஏலம் மாதிரியாங்க?" என்றாள் வீட்டுக்காரம்மா. ஏறக்குறைய அதேதான்.

பிட்சர்களை எடுப்பதில்தான் கோட்டை விட்டேன். முந்தின வருஷம் யார் நிறைய மேட்ச் ஜெயித்தார்களோ அவர்களாகப் பார்த்து அள்ளினேன். 12 டீமில் 11-வது இடம் :-) அப்புறம்தான் இந்த எண்களின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆரம்பமே நமக்குத் தெரிந்த இடம்தான், கிரிக்கெட்.

இங்கிலாந்தில் 1824-ல் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர் ஹென்றி சாட்விக். பத்திரிகைகளுக்கு கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர், பேஸ்பால் பக்கம் திரும்பினார். மேட்ச் முழுவதையும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடக்கும் ஸ்கோர் அட்டவணையை 1859-லேயே அச்சில் கொண்டுவந்தார். ஃபீல்டர் செய்த தப்பால் வந்த ரன்னைப் பிட்சர் தலையில் கட்டக்கூடாது என்ற யோசனையும் அந்தக் காலத்ததுதான். அதிலிருந்து வந்ததுதான் ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு. நேஷனல் லீக் இதை 1912-ல் அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது.

ஆனாலும் ஜனங்களுக்குப் பிடித்தது வெற்றிக் கணக்குதான். டீம் ஜெயித்தால் பிட்சர் பெயரில் ஒரு வெற்றி, தோற்றால் ஒரு தோல்வி. இது எவ்வளவு அபத்தம் என்பதற்கு 1987-ம் வருஷத்து நோலன் ரயன் ஒருவர் போதும். வயது 40. ஈ.ஆர்.ஏ. 2.76, ஸ்ட்ரைக்அவுட் 270. இரண்டிலும் நேஷனல் லீகிலேயே முதல் இடம். அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு? 8 வெற்றி, 16 தோல்வி! அவர் டீம் பேட்ஸ்மேன்கள் ரன் எடுக்காததற்கு அவர் என்ன செய்வார்?

ஃபேண்டஸி பேஸ்பாலே இந்தக் குழப்பத்தோடுதான் பிறந்தது. 1980-ல் டேனியல் ஓக்ரண்ட் என்ற எழுத்தாளர் நண்பர்களோடு ஆரம்பித்தார். நியூயார்க்கில் அவர்கள் கூடிய ரெஸ்டாரண்டின் பெயரை வைத்து ரோடிஸரி லீக் என்று பெயர். பிட்சருக்கு நாலு கணக்கு: வெற்றி, சேவ், ஈ.ஆர்.ஏ., விப். ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை வாக்கிலும் ஹிட்டிலும் பேஸில் ஏறவிடுகிறார் என்பதுதான் விப். அதுவும் ஓக்ரண்ட் உருவாக்கியதே. ஸ்ட்ரைக்அவுட்டுக்கு அந்த நாலில் இடமே இல்லை. அது பிற்பாடுதான் சேர்ந்தது.

அடுத்து வந்தவர் வோரோஸ் மெக்ராக்கன். எந்த டீமிலும் வேலை பார்க்காத ஒரு சாதாரண ரசிகர். பந்து பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழுந்துவிட்டால், அது ஹிட் ஆவதும் கேட்ச் ஆவதும் பெரும்பாலும் பிட்சர் கையில் இல்லை என்று 2001-ல் கட்டுரை எழுதினார். முழுக்கப் பிட்சர் கையில் இருப்பவை மூன்றே மூன்று: ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன். மற்றதில் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பெரிய பங்கு என்றார். நிறைய பேர் நம்பவில்லை. ஆனால் இந்தத் துறையின் பெரியவர் பில் ஜேம்ஸ் ஒத்துக்கொண்டார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை ஆலோசகராகவே வைத்துக்கொண்டது.

பெட்ரோ மார்டினெஸ் கணக்கைப் பாருங்கள். 1999-ல் 213 இன்னிங்ஸ், 313 ஸ்ட்ரைக்அவுட், 37 வாக், 9 ஹோம் ரன், ஈ.ஆர்.ஏ. 2.07. அடுத்த வருஷம் 217 இன்னிங்ஸ், 284 ஸ்ட்ரைக்அவுட், 32 வாக், 17 ஹோம் ரன். ஸ்ட்ரைக்அவுட் குறைந்தது, ஹோம் ரன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் ஈ.ஆர்.ஏ.வோ 1.74-க்கு இறங்கியது. காரணம், 160 ஆக இருந்த ஹிட் 128 ஆகக் குறைந்ததுதான்.

நம்மூர் உதாரணம் வேண்டுமா? நம் சென்னை வேங்கட்ராகவன், பேடி, பிரசன்னா, சந்திரசேகர் நால்வரும் பந்து போட்ட காலத்தில், பேட்ஸ்மேன் மூக்குக்கு முன்னால் ஹெல்மெட் இல்லாமல் நின்றவர் ஏக்நாத் சோல்கர். 27 டெஸ்ட்டில் 53 கேட்ச். அந்த விக்கெட்டுகளில் பாதி சோல்கருடையது என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

மெக்ராக்கன் சொன்னது முழுக்க சரியில்லை என்றும் பின்னால் தெரிந்தது. பலமாக அடிக்கவிடாத திறமை சிலருக்குக் கொஞ்சம் உண்டு. ஆனால் அடிப்படை நின்றுவிட்டது. 2018-ல் ஜேக்கப் டிக்ராம் வெறும் 10 வெற்றி, 9 தோல்வியோடு சை யங் விருது வாங்கினார். ஈ.ஆர்.ஏ. 1.70. ரயனுக்குக் கிடைக்காத நியாயம் முப்பது வருஷம் கழித்து இவருக்குக் கிடைத்தது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் பேஸ்பால் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் என் டீமில் திருநெல்வேலிப் பையன் ஒருவன் இருந்தான். அவன் எழுதின கோடில் பக் வந்து நான் பார்த்ததில்லை. கிளையண்ட் பட்ஜெட்டை நிறுத்தியதால் ப்ராஜெக்ட் பாதியில் மூடப்பட்டது. அப்ரைசலில் நான் அவனுக்குக் கீழ் ரேட்டிங் போட்டேன். "நான் என்னண்ணே தப்பு பண்ணேன்?" என்றான். "ப்ராஜெக்ட்டே ஊத்திக்கிச்சே தம்பி" என்றேன். இரண்டே மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டான்.

8 வெற்றி, 16 தோல்வி. அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்து ரேட்டிங் போட்டவன் நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை விடுங்கண்ணே, நான் மறந்தாச்சு" என்றான். மறந்த குரல் மாதிரித் தெரியவில்லை.

வருகிற மார்ச்சில் மறுபடி ட்ராஃப்ட். ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன் மூன்றையும் பார்த்துவிட்டு, வெற்றிக் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் ஆள் எடுக்கப் போகிறேன். எங்கள் ஆபீஸ் அப்ரைசலும் அதே மார்ச்சில்தான் வருகிறது.