குன்னூர் எலிகள் சொன்ன கணக்கு

“எங்க வம்சமே குள்ளம்தாங்க” என்று நம்மூரில் யாராவது சொல்லக் கேட்டிருப்போம். உடம்பை ரத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயரும் அதைத்தான் செய்தார்கள். சீக்கியர், பட்டாணியர், கூர்க்காக்கள் எல்லாம் ‘போர்க்குடிகள்’; மதராஸ்காரன் லாயக்கில்லாதவன். பட்டாளத்தில் நம்மாட்களுக்கான இடம் சுருங்கிக்கொண்டே போனது.

அந்தக் கணக்கைக் கலைத்தவை சில எலிகள். 1918இல் குன்னூரில் ஒற்றை அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கிய மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், பின்னாளில் ஒரே இனத்து எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இந்தியாவின் ஒரு பகுதி மக்களுடைய சாப்பாட்டைப் போட்டார். சீக்கியர் சாப்பாடு என்றால் முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. மதராஸ் சாப்பாட்டில் தீட்டிய அரிசிச் சோறுதான் பெரும்பங்கு, பால் பேருக்குத்தான். சீக்கியச் சாப்பாடு தின்றவை நன்றாக வளர்ந்தன. மதராஸ் கூட்டம் எடையில் கடைசியில் நின்றது. எலிக்கு ஏது வம்சப் பெருமை? மாறியது தட்டு மட்டுமே. மனிதர்களின் உடல்வாகு வேறுபாட்டுக்கும் உணவே முக்கியக் காரணம் என்றார் அவர்.

சரி, தட்டில் என்ன விழ வேண்டும் என்று யார் தீர்மானித்தது? நிலம்தான். காவிரி டெல்டாவில் தண்ணீர் பாய்ந்த இடமெல்லாம் நெல்லானது. மேய்ச்சல் தரைக்கு இடமில்லை. வெறும் வைக்கோல் தின்கிற மாடு எவ்வளவு கறக்கும்? பண்ணையாளுக்குக் கூலியும் நெல்தான். பிறகு ஆலை வந்து தவிட்டை உரித்தது, பி1 வைட்டமினும் அதோடு போயிற்று. பச்சரிசி தின்ற வடக்கு ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி கால்களை மரக்கச் செய்தது. நம் பக்கத்தைப் புழுங்கலரிசி ஓரளவு காப்பாற்றியது. நெல்லை அவிக்கும்போது அந்த வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும்.

வானம் பார்த்த பூமிக்காரன் கேழ்வரகுக் கூழைக் குடித்துக்கொண்டு நெல்லுச்சோற்றுக்கு ஏங்கினான். அவன் கூழில் இருந்த கால்சியத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்தச் சோற்றில் இல்லை. ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் அவனுக்குக் கூழும் இல்லை.

இனி யாராவது வம்சத்தைப் பற்றிப் பேசினால் இரண்டே கேள்விகள் போதும்: உங்கள் தாத்தா எதை விளைவித்தார்? அதில் அவர் வீட்டுக்கு எது வந்து சேர்ந்தது?