கண்ணகி அரிந்த காய்கள்

புகாரிலிருந்து நடந்து மதுரை சேர்ந்த கண்ணகி, ஆய்ச்சி மாதரியின் ஆதரவில் தன் கையால் சமைத்துப் படைத்ததே கோவலன் உண்ட இறுதி உணவு. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை அதன் அவலத்துக்காகவே வாசித்து வந்திருக்கிறோம்; அங்கே அரிவாள்மணைக்கு வந்த காய்களை எண்ணியதில்லை.

பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய்; உடன் மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, ஆய்ச்சியர் வீட்டுப் பால். (நூலில் வரும் 'கோளிப்பாகல்' என்பதைப் பாகற்காய் என மயங்க வேண்டா, பூவாது காய்க்கும் பலா அது.) மீனும் ஆமையும் உண்ட புகாரைப் பட்டினப்பாலை காட்டும். இவர்களோ சாவக நோன்பிகள். ஆகவே புலால் இல்லை. மிளகாய், தக்காளி, உருளை ஆகியவை போர்த்துகீசியர் வருகைக்குப் பின், 16ஆம் நூற்றாண்டு தொட்டு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை.

உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குக் காயும் கனியுமாக 400 கிராமாவது உண்ணச் சொல்கிறது. கிழங்குகள் அக்கணக்கில் சேரா. காய்க்குத் 'தொட்டுக்கொள்ள' என்றே பெயரிட்டுவிட்ட காவிரி நெல்நாட்டில், சோற்றுக் குவியலின் ஓரத்தில் அவ்வளவு காய் விழுவது அரிது. மார்கழித் திருவாதிரையன்று மட்டும் களிக்குத் துணையாக அவரை, பூசணி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி என ஏழு காயேனும் ஒரே கூட்டில் வேகின்றன.