பேராக்கின் மரவீடுகள்: குத்தாயும் லயமும்

மலேசியாவின் பேராக் ஆற்றங்கரைக் கிராமங்களில் மலாய்க்காரர்கள் கட்டிவந்த பழைய மரவீட்டுக்குக் குத்தாய் வீடு என்று பெயர். அதன் பாரம் சுவரில் இறங்குவதில்லை. 12 அல்லது 16 தூண்கள் தாங்குகின்றன. தூணை மண்ணில் நடாமல் கல்லின்மேல் நிறுத்துவார்கள். ஈரமும் கறையானும் அடிமரத்தை எளிதில் எட்டாது. தூணில் துளையிட்டு, விட்டத்தை நுழைத்து, மர ஆப்பு அடித்து இறுக்குவார்கள். மரம் காய்ந்து பிடி தளர்ந்தால் ஆப்பை இன்னும் நாலு தட்டு தட்டினால் போதும். ஆணி இல்லாததால் வீட்டையே கழற்றி வேறிடத்தில் பூட்டவும் முடிந்தது. சுவர் வெறும் மறைப்புதான் என்பதால் மூங்கில் தட்டியே போதும். அந்தத் தட்டியின் பின்னலிலும் கைவேலைப்பாடு உண்டு. கோலகங்சாரில் 1926இல் பேராக் சுல்தான் இஸ்கந்தர் ஷாவுக்காக எழுந்த இஸ்தானா கெனாங்கான் அரண்மனையின் சுவர்கள்கூடப் பின்னிய மூங்கில்தான். வெள்ளை, மஞ்சள், கறுப்பு என மாநிலக் கொடியின் நிறங்கள் அவற்றில் ஓடுகின்றன.

அதே கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகள் பின்னாளில் இன்னொரு மரவீட்டுக்கு வழிவிட்டன. 1910ஐ ஒட்டி ரப்பர் விலை ஏற, தோட்டக் கம்பெனிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள்கட்டி வந்து லயங்கள் எனும் தொழிலாளர் வரிசைவீடுகளில் குடிவைத்தன. பழைய லயங்கள் பலவும் கால்களின்மேல் எழும்பி நின்றவை. மேலே முதலில் அத்தாப்பு ஓலை, பிறகு தகரம். வீட்டுக்கு அடியில் அடுப்பு, விறகு, கோழி. மழைக்கும் ஈரத்துக்கும் மலாய்த் தச்சர் கண்ட அதே வழிதான். ஆனால் இங்கே ஆப்பு கிடையாது. அறுத்த பலகையும் ஆணியும்தான். குத்தாய் வீட்டில் குடும்பம் பெருகினால் முன்னும் பின்னும் ஒரு கட்டு சேரும். லயத்தில் அறை வளராது. அதற்குள் குடும்பம்தான் ஒடுங்க வேண்டும். முதுகோடு முதுகாக ஒட்டிய வரிசைகளில் காற்று ஊடுருவவும் வழியில்லை. பல இடங்களில் அறைத்தடுப்பு கூரைவரை எட்டாததால் பக்கத்து வீட்டுப் புகையும் சண்டையும் பிள்ளை அழுகையும் தடையின்றி இந்தப் பக்கம் வந்தன. குடியிருந்தவர்கள் பழைய தகரத்தாலும் பலகையாலும் பின்புறம் சாய்ப்பு இறக்கிச் சமையலறையாக்கிக்கொண்டார்கள். லயத்தில் தமிழரே தம் கையால் கட்டிய பகுதி என்றால் அநேகமாக அதுதான்.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதை அடுத்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்கள் பல ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடங்கின. தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் 1966இல் வந்தது. 1990இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இதற்கிடையே மரலயத்தின் இடத்துக்குக் கல்வீடு வந்தது. ரப்பர் செம்பனையாகவும் தாமான் எனும் குடியிருப்பாகவும் மாறிய தோட்டங்களில் அந்தக் கல்வீடும் நிலைக்கவில்லை.