காற்றடைத்த கயாக்

காற்றடைத்த கயாக் என்பது ரப்பர் அல்லது பிவிசி பூசிய துணியால் ஆன அறைகளில் காற்றை நிரப்பி, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் செலுத்தும் சிறு படகு. சுருட்டினால் பெரிய முதுகுப்பைக்குள் அடங்கிவிடும். ஏரி, உப்பங்கழி, மெல்ல ஓடும் ஆறு ஆகியவற்றுக்கு ஏற்றது. முள் குத்தி ஓட்டை விழுந்துவிடும் என்றுதான் புதியவர்கள் அஞ்சுகிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து வெளியே வீசும் காற்று.

கயாக், ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் சீல் தோலைச் சட்டத்தில் போர்த்தி அமைத்த வேட்டைப் படகு. காற்றடைத்த சிறு படகின் கதை வேறு. 1840களில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பீட்டர் ஹால்கெட், ரப்பர் பூசிய துணியில் ஒரு மேலங்கி செய்தார். நடக்கும்போது அணிந்துகொள்ளலாம், நீர் குறுக்கிட்டால் ஊதிப் படகாக்கலாம். 1846இல் தொடங்கிய தமது ஆர்க்டிக் பயணத்தில் ஆய்வுப் பயணி ஜான் ரே இவ்வகைப் படகைப் பயன்படுத்தினார்.

அமைப்பும் அழுத்தமும்

இன்றைய படகுகளில் இரு பக்கக் குழாய்களும் அடித்தளமும் தனித்தனி அறைகள். ஒன்று கிழிந்தாலும் மற்றவை மிதக்கும்; பக்கக் குழாய் போனால் படகு சாயும், ஆனால் மூழ்காது. சாதாரணக் குழாய்களுக்குப் பொதுவாக 1.5 முதல் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தம் போதும். மேல், கீழ்த் துணிகளை உள்ளே நெருக்கமான நூல்களால் பிணைத்த ‘டிராப் ஸ்டிட்ச்’ அடித்தளம் 6 முதல் 10 பிஎஸ்ஐ வரை தாங்கி, பலகை போல விறைத்து நிற்கும். ஒவ்வொரு அறைக்கும் உரிய அளவு வால்வுக்கு அருகில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பம்பின் அளவுமானியில் பார்த்தே நிரப்ப வேண்டும். காற்று குறைந்தால் படகின் நடு தொய்ந்து, துடுப்பு வலிப்பது வீணாகும்.

வெயில் இந்தக் கணக்கைக் கெடுக்கும். காலையில் 20 பாகை வெப்பத்தில் 2.5 பிஎஸ்ஐ நிரப்பிய அறை, கரை மணலில் கிடந்து 45 பாகைக்குச் சூடேறினால், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட, கிட்டத்தட்ட 4 பிஎஸ்ஐ ஆகும். துணி சற்று விரிந்து கொடுப்பதால் கொஞ்சம் குறையலாம். ஆனால் தையலும் ஒட்டும் விட்டுப்போக அதுவே போதும். கரையேறியதும் படகை நிழலில் போட வேண்டும். நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். குளிர்ந்த நீரில் அழுத்தம் குறைவதால், நீரில் இறக்கிச் சில நிமிடம் கழித்து மறுபடி சரிபார்ப்பது நல்லது.

வீசும் காற்று

இந்தப் படகின் எடை குறைவு, பக்கங்கள் உயரம், நீருக்குள் அமிழும் பகுதி கொஞ்சம். ஆகவே காற்று படகைச் சுலபமாகத் தள்ளிக்கொண்டு போகும். அடியில் பொருத்தும் ஃபின் படகை நேராக ஓட வைக்குமே தவிர, காற்றைத் தடுக்காது. துடுப்பு வலித்து மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகும் படகு, பலத்த எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்கும். எனவே ஏரியில் முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைப்பு வந்த பிறகு காற்றோடு திரும்புவதே முறை.

கடலில் மிகக் கொடியது கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று. மேற்குக் காற்றான கச்சான் வீசும் ஆனி, ஆடிக் காலைகளில் சோழமண்டலக் கரையில் இதுதான் நிலை. கரையோரம் அலை தணிந்து குளம் மாதிரித் தெரியும். உள்ளே போகப்போகத்தான் காற்றின் வேகமும் அலையும் கூடும். அந்த அமைதியை நம்பி இறங்கக் கூடாது. புறப்படுமுன் அங்குள்ள மீனவரிடம் கேட்பது எந்தக் கைப்பேசிச் செயலியையும்விட மேல்.

பிச்சாவரம் போன்ற அலையாத்திக் கழிகளில் காற்றின் தொல்லை குறைவு. அங்கே கவனிக்க வேண்டியது வேர்களில் ஒட்டிய சிப்பிகள். அவற்றின் ஓடு துணியைக் கிழிக்கும். பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் காய்ந்த பிறகே சுருட்ட வேண்டும். இல்லையேல் பூஞ்சை பிடிக்கும். காற்றுக் கசிவு இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

நீரில் விழுந்தால்

முதலில் படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆளை விட்டு அது மிதந்து போகும் வேகத்துக்கு நீந்தி எட்டுவது கடினம். கவிழ்ந்திருந்தால் புரட்டிவிட்டு, நடுப்பகுதியில் பக்கவாட்டாகப் பிடித்து, கால்களை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்து, வயிற்றால் சறுக்கி ஏறி, பிறகு திரும்பி உட்கார வேண்டும். இடுப்பளவு நீரில் இதைப் பழகாமல் ஆழத்துக்குப் போகவே கூடாது. ஓடும் ஆற்றில் கணுக்காலைப் படகோடு கயிற்றால் பிணைப்பது உயிருக்கு உலை. மரக்கிளையில் கயிறு சிக்கினால் நீரோட்டம் ஆளை அமுக்கிவிடும்.

நீச்சல் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட்டை இறுகக் கட்டியே ஏற வேண்டும். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இந்தியக் கடற்பகுதியில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம். கைப்பேசியை நீர் புகாத உறையில் போட்டு, படகில் வைக்காமல் உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள்.